மிதித்ததும் இழுக்க வேண்டும்: 12 வால்வ் கம்மின்ஸ் ராம் பிக்அப்பில் டர்போ லேக் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் 1994 முதல் 1998 வரை விற்ற டாட்ஜ் ராம் 2500, 3500 டீசல் பிக்அப்களை வைத்தே இங்கே பேசப்படுகிறது. 5.9 லிட்டர், 6 சிலிண்டர், 12 வால்வ் கம்மின்ஸ் இன்ஜின், போஷ் பி7100 டீசல் பம்ப், ஹோல்செட் டர்போ. டீசல் ஊட்டுவதில் கம்ப்யூட்டருக்கு வேலையே இல்லாத வண்டி இது. லேக் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்ணால் பார்த்து, ஸ்பேனரால் சரிசெய்ய முடியும். இத்தனை வருஷம் கழித்தும் இந்த இன்ஜினைத் தேடி அலைகிறவர்கள் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

டர்போ லேக் என்பது சரியாக எது?

ஆக்சிலரேட்டரை மிதித்த நொடிக்கும் டர்போ போதுமான காற்றைத் தள்ளத் தொடங்கும் நொடிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி. டர்பைன் சக்கரத்தைச் சுழற்றுவது எக்ஸாஸ்ட் வாயுவின் வெப்பமும் அழுத்தமும்தான். வாயு வலுவாக வர வேண்டுமானால் டீசல் நிறைய எரிய வேண்டும், டீசல் நிறைய எரியக் காற்று வேண்டும், காற்றுக்கு டர்போ சுழல வேண்டும். இந்த வட்டத்தில் வண்டி மாட்டிக்கொண்டு நிற்கும் நேரம்தான் லேக்.

டீசல் இன்ஜினில் பெட்ரோல் வண்டி போலக் காற்றை அடைக்கும் திராட்டில் தகடு கிடையாது. உங்கள் கால் கட்டுப்படுத்துவது டீசலை மட்டுமே. அதனால் மிதித்ததும் வண்டி பதில் சொல்லவில்லை என்றால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. டீசல் நேரத்துக்கு வருகிறதா? எரிந்த டீசலின் சக்தி முழுசாக டர்பைனுக்குப் போய்ச் சேருகிறதா?

டர்போவை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்களே?

முதலில் அந்தப் பர்ஸை மூடி வையுங்கள். இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது ஹெச்எக்ஸ்35 ரகம், 12 சதுர சென்டிமீட்டர் எக்ஸாஸ்ட் ஹவுசிங் (டர்பைன் சக்கரத்தைச் சுற்றியுள்ள கூடு). அந்த ஹவுசிங் இரண்டு அறைகளாகப் பிரிந்தது: 1, 2, 3 சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் ஒரு வழியில், 4, 5, 6 இன்னொரு வழியில். பயரிங் ஆர்டர் 1-5-3-6-2-4 என்பதால் இரண்டு வழிகளிலும் துடிப்புகள் மாறி மாறி வந்து சக்கரத்தை அடிக்கின்றன. சீக்கிரம் எழுவதற்காகவே அமைத்த ஏற்பாடு இது. 1996-க்குப் பிந்தைய மேனுவல் வண்டிகளின் 440 பவுண்ட்-அடி டார்க், 1600 ஆர்பிஎம்-மிலேயே முழுதாகக் கிடைத்தது. இப்போது உங்கள் வண்டி 2000 வரை தூங்குகிறது என்றால், அதைப் பெரும்பாலும் டர்போவின் குற்றம் என்று சொல்ல மாட்டேன். எங்கோ கசிகிறது, இல்லையென்றால் டீசல் தடுக்கப்படுகிறது.

எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கால் வைக்கும் இடத்திலிருந்து. ஒருவர் இன்ஜினை அணைத்த வண்டியில் உட்கார்ந்து ஆக்சிலரேட்டரைத் தரையோடு தரையாக அழுத்தட்டும். இன்னொருவர் பானெட்டுக்குள் பம்பின் லீவரைப் பார்க்க வேண்டும். லீவர் கடைசி ஸ்டாப்பைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் கேபிள் நீண்டிருக்கும், லிங்கேஜ் தேய்ந்திருக்கும், இல்லை பெடலுக்கு அடியில் தடிமனான மேட் சுருண்டு கிடக்கும். சிரிக்காதீர்கள், இன்ஜெக்டர் வரை மாற்றிய பிறகு மேட்டைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு.

அப்புறம் வால்வ் கிளியரன்ஸ். குளிர்ந்த இன்ஜினில் இன்டேக் 0.010 அங்குலம், எக்ஸாஸ்ட் 0.020 அங்குலம். ஒரு பிற்பகல் வேலை, செலவு கேஸ்கெட் காசுதான். பல வண்டிகளில் இதை யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

பூஸ்ட் கசிவை வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். பூஸ்ட் என்பது டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம். டர்போவின் காற்று நுழையும் வாய்க்கு ஏற்ற அளவில் பிளம்பிங் கடையில் ஒரு மூடி வாங்குங்கள். அதில் டயர் வால்வ் ஒன்றைப் பொருத்துங்கள். ஏர் ஃபில்டர் ஹோஸைக் கழற்றி, அந்த மூடியை ரப்பர் ஸ்லீவோடு இறுக்கிக் கட்டி, கம்ப்ரஸரிலிருந்து ரெகுலேட்டர் வழியாக மெதுவாகக் காற்று விடுங்கள். 15 முதல் 20 பிஎஸ்ஐ போதும். மூடிக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். நழுவினால் துப்பாக்கிக் குண்டு வேகத்தில் வரும்.

இப்போது சோப்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே போங்கள். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கு (டர்போ தள்ளும் சூடான காற்றை ஆற வைப்பது) போகும் ரப்பர் பூட்கள், அவற்றின் கிளாம்புகள், இன்டர்கூலரின் இரண்டு பக்கத் தொட்டிகளில் உள்ள வெல்டு, இன்டேக் காற்றைச் சூடாக்கும் கிரிட் ஹீட்டருக்குக் கீழே இருக்கும் கேஸ்கெட், இன்டேக் பிளேட்டின் விளிம்பு. குமிழி வரும் இடம்தான் திருடன். இன்டர்கூலரை இறக்காமல் பார்த்தால் கீழ்ப்பக்க வெடிப்பு தெரியாமல் போகும், கையை விட்டுத் தடவிப் பாருங்கள். திறந்து நிற்கும் வால்வ் வழியாகவும் பிஸ்டன் ரிங் ஓரமாகவும் கொஞ்சம் காற்று போய் ஆயில் மூடியில் புஸ்ஸென்று கேட்கும். அது இயல்பு, பயப்பட வேண்டாம்.

பழைய கிளாம்பு, பூட் எல்லாவற்றையும் புதிதாக மாற்றி, ஸ்பிரிங் வைத்த டி-போல்ட் கிளாம்பு போட்டதற்கே வண்டி மாறிவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. நம்பலாம்.

டர்போவுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கசிந்தால்?

அதுதான் பெரிய நஷ்டம், பலர் பார்க்காமல் விடுவதும் அதைத்தான். இந்த இன்ஜினின் ஒரே துண்டான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சூடாகி ஆறி, சூடாகி ஆறி வருஷக்கணக்கில் நீளம் சுருங்கும். சுருங்கும்போது இரண்டு கடைசி போல்ட்களையும் உள்பக்கமாக இழுக்கும். போல்ட் உடையும், இல்லை மேனிஃபோல்டே பிளக்கும். வெளியே தெரிவது ஒரு கரிக்கோடுதான்: ஹெட்டில் போர்ட்டின் ஓரத்தில் புகைக்கரி விசிறி மாதிரி படிந்திருக்கும். காலையில் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது டிக் டிக் சத்தம் கேட்டு, சூடானதும் நின்றுபோனால் சந்தேகத்தை அங்கே வையுங்கள்.

ஏற்கெனவே சுருங்கிய மேனிஃபோல்டைப் புதிய கேஸ்கெட் போட்டுத் திரும்ப மாட்டுவது வீண். மூன்று துண்டாக வரும் மேனிஃபோல்டுகள் சந்தையில் கிடைக்கின்றன. துண்டுகளின் நடுவே நழுவி விரிய இடம் இருப்பதால் போல்ட் மேல் இழுப்பு வராது. மாற்றும்போது டர்போ அடியில் இருக்கும் கேஸ்கெட்டும் பிரித்த வகையாக இருக்கட்டும். ஒரே பெரிய ஓட்டை உள்ளதைப் போட்டால் இரண்டு வழிகளும் கலந்து, துடிப்பின் பலம் போய்விடும்.

வேஸ்ட்கேட் பார்க்க வேண்டுமா?

கட்டாயம். பூஸ்ட் அளவு மீறாமல் எக்ஸாஸ்ட் வாயுவைத் திருப்பிவிடும் கதவு அமைப்பு இது. அதன் கதவு முழுசாக மூடாவிட்டால் டர்பைனைத் தொடாமலேயே வாயு வெளியே போகும். கம்பியைக் கையால் தள்ளிப் பாருங்கள், ஸ்பிரிங் எதிர்க்க வேண்டும், விட்டதும் இறுக்கமாகத் திரும்ப வேண்டும். டர்போ ஷாஃப்ட்டையும் அப்போதே தொட்டுப் பாருங்கள்: பக்கவாட்டில் லேசாக ஆடுவது இருக்கும், முன்னும் பின்னும் ஆடக் கூடாது. சக்கரம் ஹவுசிங்கில் உரசிய அடையாளம் இருந்தால் டர்போ வேலை முடிந்தது.

டீசல் அழுத்தம் குறைந்தால் லேக் வருமா?

வரும். பம்புக்குள் 2500 ஆர்பிஎம்-மில் குறைந்தது 25 பிஎஸ்ஐ இருக்க வேண்டும். அதற்குக் கீழே வந்தால் முதல் சந்தேகம் ஓவர்ஃப்ளோ வால்வ் மேல். அதற்குள் ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்கிறது, வயதானால் தளர்ந்து அழுத்தத்தைத் தொட்டிக்கே திருப்பி விட்டுவிடும். மலிவான பாகம். தொட்டியிலிருந்து டீசலை இழுத்துத் தரும் லிஃப்ட் பம்ப், ஃபில்டர், அதற்கு முந்தைய ஹீட்டரில் இருக்கும் சல்லடை ஆகியவற்றையும் சுத்தம் செய்யுங்கள். இன்ஜின் பின்பக்கம் ஒளிந்திருக்கும் ரப்பர் ஹோஸ்கள் வெடித்துக் காற்றை உறிஞ்சுவதும் சகஜம். ஒரு இரவு நின்ற வண்டி காலையில் நீண்ட நேரம் சுற்றிய பிறகே கிளம்பினால் அங்கே தேடுங்கள்.

ஏஎஃப்சி என்று எல்லோரும் சொல்வது என்ன?

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

பம்பின் பின்பகுதியில், கவர்னருக்கு மேல் உட்கார்ந்திருக்கும் சின்னப் பெட்டிதான் ஏஎஃப்சி (ஏர் ஃப்யூயல் கன்ட்ரோல்). இன்டேக்கிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வந்து அதன் டயஃப்ரத்தில் பூஸ்ட் அழுத்தத்தைக் கொடுக்கும். பூஸ்ட் ஏறினால் டயஃப்ரம் ஸ்பிரிங்கை எதிர்த்து நகரும், டீசல் அளவைத் தீர்மானிக்கும் பம்பின் ரேக் மேலும் நகர இடம் கிடைக்கும், டீசல் கூடும். ஈடு கொடுத்தால்தான் கடன் தரும் அடகுக் கடைக்காரர் மாதிரி இது: முதலில் பூஸ்ட்டைக் காட்டு, பிறகு டீசல். புகையைக் குறைக்க இப்படி அமைத்தார்கள். ஆனால் ஈடு வைக்க ஒன்றும் இல்லாத நேரத்தில், அதாவது 1200 ஆர்பிஎம்-மில் நீங்கள் மிதிக்கும்போது, வண்டி அங்கேயே நின்றுவிடும்.

முதல் வேலை, அந்தக் குழாயைப் பாருங்கள். விரிசல், தளர்ந்த நட், டயஃப்ரத்தில் ஓட்டை ஏதாவது ஒன்று இருந்தால் டீசல் முழுசாகத் திறக்கவே திறக்காது. கை பம்பால் மெதுவாக அழுத்தம் கொடுத்து, அது நிலைத்து நிற்கிறதா என்று பாருங்கள். இதில் தோற்றுப்போன வண்டிகள் நிறைய, பாவம் அவற்றின் டர்போக்கள் திட்டு வாங்கும்.

அது சரியென்றால் மூன்று இடங்களில் திருத்தலாம். மேலே உள்ள பிளக்கைக் கழற்றினால் பல் வைத்த சக்கரம் ஒன்று தெரியும். அதுதான் ஸ்டார் வீல். ஸ்பிரிங்கின் முன்-அழுத்தம் குறையும் பக்கம் திருப்பினால் குறைந்த பூஸ்ட்டுக்கே டீசல் திறக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒவ்வொரு பல்லாக நகர்த்தும்போது சின்ன க்ளிக் கைக்குத் தெரியும். தொடங்கும் முன் இருந்த நிலையைப் பெயின்ட் புள்ளியால் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று பல் நகர்த்தி ஓட்டிப் பாருங்கள், மிதித்ததும் முன்னைவிட மந்தமாகிவிட்டால் பக்கம் மாறிவிட்டது என்று அர்த்தம். இரண்டாவது, பூஸ்ட் இல்லாதபோது எவ்வளவு டீசல் தரலாம் என்று வைக்கும் பிரீ-பூஸ்ட் ஸ்க்ரூ. மூன்றாவது, பெட்டியையே முன்னால் நகர்த்துவது. அதன் ஸ்க்ரூக்களில் ஒன்றின் தலை உடைத்துவிடப்பட்டிருக்கும், யாரும் தொடக் கூடாது என்பதற்காகத் தொழிற்சாலை செய்தது.

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் திருகினால் எது பலன் தந்தது என்று எப்படித் தெரியும்?

பலன் இருக்கிறதா என்று எப்படி அளப்பது?

நினைப்பை நம்பாதீர்கள். ஒரே சமமான சாலை, ஒரே கியர், காற்றில்லாத நேரம். மூன்றாவது கியரில் 1400 ஆர்பிஎம்-மில் நிதானமாகப் போய், தரையோடு மிதித்து, பூஸ்ட் கேஜ் 15 பிஎஸ்ஐ தொடும் வரை எத்தனை விநாடி என்று ஒரு போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு அதையே செய்யுங்கள். மூன்று முறை எடுத்து நடு எண்ணை வைத்துக்கொள்வது போதும். சத்தம் கூடினாலே வேகம் கூடியதாக நமக்குத் தோன்றும், எண் அப்படி ஏமாறாது.

ஃப்யூயல் பிளேட்டைக் கழற்றி எறிந்துவிடலாமா? பலரும் செய்கிறார்களே.

செய்கிறார்கள், தெரியும். ஏஎஃப்சிக்கு அடியில் உள்ள அந்தத் தகடுதான் ஒவ்வொரு ஆர்பிஎம்-மிலும் அதிகபட்ச டீசல் எவ்வளவு என்று வரையறை போடுகிறது. முன்னால் கொஞ்சம் நகர்த்தினாலே வண்டி வேறு வண்டி ஆகும். வேறு வடிவில் வெட்டிய பிளேட்களும் விற்கின்றன. முழுசாகக் கழற்றினால் பம்ப் தன்னால் முடிந்த அளவு ஊற்றும். பதில் வேகமாகத் தெரியும், பின்னால் வருகிறவருக்குச் சாலை தெரியாது. தினமும் வேலைக்குப் போகும் வண்டியில், அதுவும் டிரெய்லர் இழுக்கும் வண்டியில், பிளேட் இருப்பதே நல்லது.

ஸ்பூல், அதாவது டர்போ சீக்கிரம் எழுவது, மட்டும்தான் நோக்கம் என்றால் பிளேட்டுக்குப் போக வேண்டியதே இல்லை. அது உச்சத்தில் கிடைக்கும் சக்திக்கான விஷயம்.

எவ்வளவு புகை சரி?

மிதித்த நொடியில் மெல்லிய கறுப்பு நிழல் தோன்றி பூஸ்ட் ஏறியதும் மறைந்தால் போதும். அதற்கு மேல் வருவது காற்று கிடைக்காமல் எரியாமல் போன டீசல். அது டர்போவைச் சுழற்றப் பெரிதாக உதவாது, பில்லை மட்டும் ஏற்றும்.

பைரோமீட்டர் வாங்கத்தான் வேண்டுமா?

எக்ஸாஸ்ட் வெப்பத்தைக் காட்டும் கேஜ் அது. டீசலைக் கூட்டத் தொடங்கியவர் வாங்கித்தான் ஆக வேண்டும். அதன் முனை டர்போவுக்கு முன்னால், மேனிஃபோல்டில் இருக்க வேண்டும். டர்போவுக்குப் பின்னால் மாட்டினால் வெப்பம் குறைவாகக் காட்டி நம்மை ஏமாற்றும். ஏற்றத்தில் நீண்ட நேரம் 1250 ஃபாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 680 செல்சியஸ் தாண்டக் கூடாது. பிஸ்டன் அலுமினியம், அது எச்சரிக்கை கொடுத்துவிட்டு உருகாது. சுமையோடு ஏறி வந்த பிறகு உடனே அணைக்காமல், முள் 300 ஃபாரன்ஹீட் அளவுக்கு இறங்கும் வரை ஐடிலில் விடுங்கள். பேரிங்கில் தேங்கும் ஆயில் கருகாமல் இருக்கும்.

டைமிங்கை முன்னால் கொண்டுவந்தால் டர்போ சீக்கிரம் எழுமா?

நேர்மாறாக நடக்கலாம். டைமிங்கை, அதாவது சிலிண்டருக்குள் டீசல் பாயும் நேரத்தை, முன்னால் நகர்த்தினால் டீசலின் வெப்பத்தில் அதிகப் பங்கு சிலிண்டருக்குள்ளேயே வேலையாக மாறும். மைலேஜ் கூடும், எக்ஸாஸ்ட் வெப்பம் குறையும். எக்ஸாஸ்ட் வெப்பம் குறைந்தால் டர்பைனுக்குக் கிடைப்பதும் குறைவு. அதனால் கீழ் ஆர்பிஎம்-மில் ஸ்பூல் கொஞ்சம் தள்ளிப்போவதை உணர்வீர்கள். ஹைவேயிலேயே ஓடும் வண்டிக்கு முன்னால் நகர்த்துவது நல்லது, ஊருக்குள் டிரெய்லரோடு நின்று நின்று கிளம்பும் வண்டிக்கு நான் கையே வைக்க மாட்டேன்.

டைமிங் கியர் பக்கம் திறக்கிற வாய்ப்பு வந்தால், கியர் கேஸை நிலைப்படுத்தும் டோவல் பின்னைப் பாருங்கள். அது தளர்ந்து கியர்களுக்குள் விழுந்து இன்ஜினைக் கெடுத்த கதைகள் இந்த மாடலுக்கே பெயர் வாங்கித் தந்தவை. ஒரு சின்னத் தகடு வைத்து அது வெளியே வராதபடி அடைப்பார்கள்.

ஏர் ஃபில்டர், 4 அங்குல எக்ஸாஸ்ட்?

நல்ல ஃபில்டரைச் சுத்தமாக வைத்திருங்கள், போதும். டர்போவுக்குப் பின்னால் தாராளமான குழாய் போட்டால் டர்பைனுக்கு எதிர் அழுத்தம் குறையும், கொஞ்சம் சீக்கிரம் எழும், வெப்பம் குறையும். சத்தம் கூடும், வீட்டில் உள்ளவர்களைக் கேட்டுச் செய்யுங்கள்.

எல்லாம் செய்தாயிற்று, இன்னும் வேகம் வேண்டும். எந்த டர்போ?

முதலில், எதை இழக்கச் சம்மதம் என்று சொல்லுங்கள். சின்ன எக்ஸாஸ்ட் ஹவுசிங் சீக்கிரம் எழும், ஆனால் மேல் ஆர்பிஎம்-மில் எக்ஸாஸ்ட்டை அடைத்து வெப்பத்தை ஏற்றும். பெரியது நேர்மாறு. இந்த 12 சதுர சென்டிமீட்டருக்குப் பதில் 14-க்கோ 16-க்கோ போகிறவர்கள் டீசலை நிறையக் கூட்டியவர்கள். ஸ்பூலுக்காக அப்படிப் போகக் கூடாது. 2004 நடுப்பகுதியிலிருந்து 2007 வரை வந்த 5.9 காமன் ரெயில் (கம்ப்யூட்டர் டீசலைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) வண்டிகளின் ஹெச்ஈ351சிடபிள்யூ டர்போவில் 9 சதுர சென்டிமீட்டர் ஹவுசிங் இருக்கிறது. அதைக் கொண்டுவந்து மாட்டுபவர்கள் உண்டு. சீக்கிரம் எழும், டவுன்பைப் இணைப்பை மட்டும் மாற்ற வேண்டும். பழைய மார்க்கெட்டில் வாங்கினால் ஷாஃப்ட்டை ஆட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

சின்னதும் பெரியதுமாக இரண்டு டர்போவை வரிசையாக மாட்டும் காம்பவுண்ட் அமைப்பில் சீக்கிரம் எழுவது, மேல் ஆர்பிஎம் சக்தி இரண்டும் கிடைக்கும். காசும் நேரமும் இருந்தால் அதுவே முழுமையான விடை. ஆனால் பூஸ்ட் எகிறும்போது ஹெட் கேஸ்கெட்டும் ஹெட் போல்ட்களும் பட்டியலில் சேரும். ஒற்றை ஹெச்எக்ஸ்35-ஐ 35 பிஎஸ்ஐ-க்கு மேல் விரட்டுவதிலும் அர்த்தமில்லை, அங்கே அது தருவது சூடான காற்றுதான்.

ஆட்டோமேட்டிக் வண்டியில் லேக் கூடுதலாக இருக்கிறதே?

1996-லிருந்து வந்த 47ஆர்ஈ கியர்பாக்ஸையும் அதன் டார்க் கன்வர்ட்டரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நழுவும் கன்வர்ட்டர் சக்தியை வெப்பமாக்கிவிடும், இறுக்கமான கன்வர்ட்டர் கீழ் ஆர்பிஎம்-மில் இன்ஜினை எழவிடாமல் அமுக்கும். மிதித்ததும் ஆர்பிஎம் ஏறி, வண்டி மட்டும் பின்தங்கினால் குறை கன்வர்ட்டரில் இருக்கிறது, டர்போவில் இல்லை. டீசலைக் கூட்டும் முன் இந்தக் கியர்பாக்ஸைப் பலப்படுத்துங்கள். தொழிற்சாலை நிலையிலேயே இது இன்ஜினைவிட மெலிந்தது. மேனுவல்காரர்களுக்கு கிளட்ச்தான் முதலில் நழுவும்.

கொலராடோ பக்கம் போனால் மட்டும் மந்தமாகிறது. கோளாறா?

இல்லை. ஐசன்ஹவர் சுரங்கம் 11,158 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெல்லியது, டர்போ எழுவதற்குள் எரிவதும் குறைவு. கியரைக் குறைத்து 2000 ஆர்பிஎம்-முக்கு மேலேயே வைத்திருங்கள். கடல்மட்டத்தில் சரியாக இருந்த ஏஎஃப்சி அமைப்பு அங்கே புகை தள்ளும், அதைப் பார்த்துத் திருப்பிவிடாதீர்கள், இறங்கியதும் சரியாகிவிடும்.

24 வால்வ் வண்டிக்கும் இதெல்லாம் பொருந்துமா?

கசிவு, வேஸ்ட்கேட், மேனிஃபோல்டு, டீசல் அழுத்தம் எல்லாம் பொருந்தும். ஏஎஃப்சி பகுதி பொருந்தாது. 1998 நடுவில் வந்த 24 வால்வ் இன்ஜினில் விபி44 எலக்ட்ரானிக் பம்ப், 2003-லிருந்து காமன் ரெயில். அங்கே டீசலைத் தடுப்பது கம்ப்யூட்டர். 2007 நடுவில் வந்த 6.7 லிட்டரில் எக்ஸாஸ்ட் வழியைத் தானே சுருக்கி விரிக்கும் டர்போ இருக்கிறது, அதில் மந்தம் வந்தால் பெரும்பாலும் கரி படிந்து அந்தப் பொறிமுறை சிக்கிக்கொண்டிருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய அரசின் தூய காற்றுச் சட்டப்படி, வண்டியோடு வந்த மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பைக் கழற்றுவதோ செயலிழக்கச் செய்வதோ குற்றம். இந்த ராம்களில் சிலவற்றில் கேட்டலிடிக் கன்வர்ட்டர் உண்டு, அதைத் தொடாதீர்கள். மாகாணத்துக்கு மாகாணம் சோதனை வேறு: கலிஃபோர்னியாவில் 2010 முதல் டீசல் வண்டிகளுக்கும் ஸ்மாக் (புகை மாசு) சோதனை வந்தது, ஆனால் அது 1998 மாடலிலிருந்துதான். 1997 வண்டிக்காரர் அந்த வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஏஎஃப்சியை விஷம் போலத் திருப்பிக் கறுப்புப் புகையோடு ஊருக்குள் போனால் எந்த மாடலாக இருந்தாலும் போலீஸ் நிறுத்தக்கூடும்.